இதயத்தசையை அச்சிடுதல்

மனிதவுடலின் உறுப்புக்களுள், பிறப்பதற்கு முன்னரே தொழிலைத் தொடங்கி இறக்கும் வரையும் ஓயாது உழைப்பது இதயம். ஒரு நாளில் அது ஏறக்குறைய 100,000 முறை துடிக்கின்றது. இத்துணை ஆற்றல் வாய்ந்த உறுப்புக்குப் பெருங்குறையொன்று உண்டு. தோலிற் பட்ட காயம் ஆறும். முறிந்த என்பு பொருந்தும். ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுப்பினும் அது மீண்டும் பெருக்கும். இதயத்தசையோ இறந்துபடின் மீள்வதில்லை. வளர்ந்தோரின் இதயத்தசைக் கலங்களுள் ஆண்டொன்றிற் புதுப்பிக்கப்படுவன நூற்றுக்கு ஒன்றினும் மிகா. மாரடைப்பொன்றினால் 100 கோடி கலங்கள் வரை மடியக்கூடும். அவற்றின் இடத்தைச் சுருங்கும் ஆற்றலற்ற தழும்பு பிடித்துக்கொள்ளும். எஞ்சிய தசை மிகையுழைப்பால் நாளடைவில் தளரும்.

இக்குறைக்கு மாற்றிதயம் பொருத்துதல் ஒரு வழி. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரிலே, கிறித்தியன் பேர்னாட் என்னுஞ் சத்திரவைத்தியர் மனிதரிதயத்தை மனிதருக்கு முதன்முதலிற் பொருத்தினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். இன்று மாற்றிதயம் பெற்றோர் பல்லாண்டு வாழ்கின்றனர். ஆயினும் தேவைக்கேற்ற இதயங்கள் கிடைப்பதில்லை. பிறவியிலேயே இதயத்திற் குறையுள்ள குழந்தைகட்குச் செயற்கைத் துணியினாலோ பதப்படுத்திய மாட்டின் இதயவுறையினாலோ ஒட்டிடுவர். அவ்வொட்டுத் துடிப்பதுமில்லை, குழந்தையுடன் வளர்வதுமில்லை. ஆதலிற் சிலருக்கு மீண்டுஞ் சத்திரசிகிச்சை வேண்டப்படுகின்றது.

துடிக்கவும் வளரவும் வல்ல ஒட்டினை ஆக்க முயல்வதே உயிரச்சு முறை. யப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா, முதிர்ந்த கலங்களை மூலக்கல நிலைக்கு மீட்கலாம் என்பதை 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் நிறுவினார். இதனால், நோயாளியின் சொந்தக் கலங்களிலிருந்தே இதயத்தசைக் கலங்களை ஆக்குதல் கூடுவதாயிற்று. அவற்றைக் கூழ்ப்பொருளொன்றிற் கலந்து, கணினி வகுத்த வடிவின்படி ஊசிமுனை வழியே படைபடையாக இடுதலே அச்சிடுதலாகும்.

சொல்லுதற்கு எளிதாகிய இம்முறையில் இடர்கள் பல. முதலாவது வடிவம். மென்கூழ் தன் பாரத்தாலேயே சரிந்துவிடும். இதற்கு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஓர் உபாயங் கண்டனர். ஜெலற்றின் நிறைந்த தொட்டியினுள்ளே அச்சிட்டால், அது வடிவத்தைத் தாங்கி நிற்கும். பின்னர் உடல் வெப்பநிலையாகிய 37 பாகைக்குச் சூடாக்க, ஜெலற்றின் உருகி அகலும். இரண்டாவது உயிர்ப்பு. நுண்ணிய வடிவம் வேண்டின் ஊசித்துளை சிறிதாதல் வேண்டும். துளை சிறுக்கச் சிறுக்க, அதனூடு நெருக்குண்டு செல்லுங் கலங்கள் மாயும்.

யாவற்றினும் பெரிய இடர் குருதியோட்டமே. ஒட்சிசன் இழையத்தினுள்ளே ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றருக்கு அப்பாற் போதியவளவு ஊடுருவாது. இடது இதயவறையின் சுவரோ ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்புடையது. ஆகவே, தடித்த ஒட்டொன்று வாழவேண்டுமாயின் அதனுள் மயிர்த்துளைக் குழாய்கள் நெருங்கிப் பரவுதல் வேண்டும். ஒட்டியவுடனே அவை நோயாளியின் குருதிக்குழாய்களுடன் இணைதலும் வேண்டும். இதனை இதுகாறும் எவரும் நிறைவுறச் செய்திலர்.

உயிரோடிருத்தல் மட்டும் போதாது; ஒத்துத் துடித்தலும் வேண்டும். ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட கலங்கள் கருவிலுள்ள குழந்தையின் கலங்களையே ஒத்தன; வலிமை குறைந்தன; சில தாமாகவே துடிப்பன. 2014இற் குரங்குகளின் இதயத்தில் இத்தகைய கலங்களைச் செலுத்தியபோது, அவை தசையாக வேரூன்றின. ஆயினும் துடிப்பின் ஒழுங்கு பிறழ்ந்தது. 2019இல் இசுரேலின் தெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் மனிதக் கலங்களைக் கொண்டு முயலின் இதயமளவான சிற்றிதயமொன்றை அச்சிட்டனர். அதன் கலங்கள் சுருங்கின. ஆனால், ஒன்றுபட்டுக் குருதியைத் தள்ளும் ஆற்றல் அதற்கில்லை.

எனினும், நம்பிக்கைக்கு இடமுண்டு. மூலக்கலத்திலிருந்து பெற்ற தசையை அச்சிடாது வார்த்தெடுத்து, தளர்ந்த இதயமொன்றின் மேல் தைத்த செருமானிய அறிஞர், மூன்று திங்களின் பின்னும் அது உயிருடனிருந்தமையை 2025இல் வெளியிட்டனர். முழு இதயத்தை அச்சிடுதல் தொலைவிலுள்ள இலக்கு. பழுதுற்ற பகுதிக்கு உயிரொட்டு இடுதல் அதனினும் அணித்து. வடிவத்தை அமைத்தல் பெரும்பாலும் கைகூடிவிட்டது. அவ்வடிவத்துக்குக் குருதியையும் ஒத்திசைந்த துடிப்பையும் அளித்தலே இனிச் செயற்பாலது.