யாருடைய சாவுக்கு அழுகிறோம்? மரிச்ஜாப்பியும் ஒரு நாவலின் வாசகர்களும்



இந்த ஆண்டு நினைவுரைக்கு அகதிகளைப் பற்றிய ஒரு நாவலையும், அதைப் படிக்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அமிதாவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதி 2004இல் வெளிவந்த 'தி ஹங்ரி டைட்' அந்த நாவல். பசித்த ஓதம் என்று தமிழில் சொல்லலாம். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளில் நடக்கும் கதை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில மாதங்கள் இதைப் படித்தோம். ஆங்கிலம் சரளமாக வராத தோழர்களும் இருந்ததால் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தமிழில் சொல்ல, அத்தியாயம் அத்தியாயமாக நகர்ந்தது. அப்படி மெதுவாகப் படித்ததில் யார் எந்த இடத்தில் கலங்கினார்கள், எந்த இடத்தைச் சும்மா கடந்துபோனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கலங்கிய இடங்கள் இரண்டு. கொட்டிலில் சிக்கிய புலியை ஊரார் தீவைத்துக் கொளுத்தும் இடம் ஒன்று. கடைசியில் ஃபகிர் என்ற மீனவர் புயலில் சாகும் இடம் இன்னொன்று. இதே நாவலில் ஒரு படுகொலையும் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் அறை அமைதியாக இருந்தது, யாரும் அழவில்லை. ஏன் அப்படி என்று பேசிப் பேசி உருவானதுதான் இந்த உரை.

நாவலுக்குள் போவதற்கு முன் வரலாறு கொஞ்சம் வேண்டும். 1947இல் வங்கம் பிளவுபட்டபோது கிழக்கிலிருந்து முதலில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் சாதி இந்து நடுத்தர வர்க்கத்தார். அவர்களுக்குக் கொல்கத்தாவில் உறவினர்கள் இருந்தார்கள், படிப்பும் உத்தியோகமும் இருந்தன. நகரத்தின் தெற்கு விளிம்பில் காலி நிலங்களில் குடியேறிக் காலனிகள் அமைத்தார்கள். அந்தக் காலனிகள் பின்னால் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டன. நாமசூத்திர மக்கள் அப்போது பெரிதாக இடம்பெயரவில்லை. அவர்களுடைய தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரானவர். 1946இல் வங்கச் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வாக உழைத்தவரும் இவர்தான். 1950இல் கிழக்கு வங்கத்தில் நடந்த கலவரங்களைக் கண்டு மனமுடைந்து பதவியை விட்டு இந்தியா வந்தார். அவருடைய மக்களும் அந்த ஆண்டிலிருந்து அலை அலையாக எல்லை தாண்டினார்கள்.

இவர்களுக்குக் கொல்கத்தாவில் இடம் இல்லை என்றது அரசு. முகாம்களில் வைத்தார்கள். 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின் கீழ் ஒரிசாவின் மல்கான்கிரிக்கும் கோராபுட்டுக்கும், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தருக்கும் அனுப்பினார்கள். ஆற்றிலும் வயலிலும் வாழ்ந்தவர்களுக்குக் கல்லும் காடும் கொடுக்கப்பட்டன. அந்தக் காட்டுக்கும் ஏற்கெனவே ஆதிவாசி உடைமையாளர்கள் இருந்தார்கள். எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் இடதுசாரிகள், அகதிகளை மேற்கு வங்கத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று பேசினார்கள். 1977இல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்தப் பேச்சை நம்பி 1978இன் தொடக்கத்தில் தண்டகாரண்யத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளம்பின. பலர் வழியிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீதிப்பேர் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் சுமார் 30,000 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அரசிடம் ஒரு பைசா வாங்காமல் பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், சாலை, மீன்வளர்ப்பு எல்லாவற்றையும் ஒரே ஆண்டுக்குள் ஏற்படுத்தினார்கள். ஒதுக்குக் காட்டை ஆக்கிரமித்தார்கள் என்றது அரசு. 1979 ஜனவரி கடைசியில் 144 தடையுத்தரவு போட்டுப் போலீஸ் படகுகள் தீவைச் சூழ்ந்தன. அரிசியும் குடிநீரும் மருந்தும் உள்ளே போகவில்லை. புல்லைத் தின்றோம் என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மே மாத நடுவில் குடிசைகளைக் கொளுத்தி, எஞ்சியிருந்தவர்களை லாரியில் ஏற்றித் தண்டகாரண்யத்துக்கே அனுப்பினார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவு இரண்டு. ஆய்வாளர்களும் தப்பியவர்களும் சொல்லும் எண்கள் நூறுகளிலிருந்து ஆயிரங்கள்வரை போகின்றன.

நாவலுக்கு வருவோம். கதை நடப்பது இந்தச் சம்பவத்துக்குப் பல ஆண்டுகளுக்குப் பின். அமெரிக்காவில் வளர்ந்த பியா ஆற்று ஓங்கில்களை ஆராய வருகிறார். டெல்லியில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்தும் கனாய், இறந்துபோன மாமா நிர்மல் தனக்கென்று விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகத்தைப் படிக்க வருகிறார். நிர்மல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பழைய இடதுசாரி. மரிச்ஜாப்பி நமக்கு அவருடைய நோட்டுப் புத்தகத்தின் வழியாகத்தான் வருகிறது. தீவில் குடியேறிய குசும் என்ற பெண்ணின் மகன்தான் ஃபகிர்.

எங்கள் விவாதத்தில் முதல் திறவுகோல் இதில் கிடைத்தது. நிர்மல் எழுதுவது 1979 மே மாதத்தில், கடைசித் தாக்குதலுக்கு முந்தைய பொழுதில். ஆகவே தாக்குதல் அந்த நோட்டுப் புத்தகத்துக்குள் இருக்க முடியாது. குசும் என்ன ஆனார் என்பதைப் பிற்பாடு படகுக்காரர் ஹொரேன் சொல்கிறார். மற்றப் பெண்களோடு பிடித்துச் செல்லப்பட்டார், சீரழிக்கப்பட்டு ஆற்றில் எறியப்பட்டார் என்ற அளவில் கேள்விப்பட்டதாகச் சொல்லி முடிக்கிறார். ஃபகிரின் சாவோ நம் கண்முன்னே, பக்கம் பக்கமாக, காற்றோடும் மழையோடும் நடக்கிறது. மரத்தில் கட்டிக்கொண்டு, பியாவைத் தன் உடம்பால் மறைத்துச் சாகிறார். அழவைக்கும் எழுத்து அது, சந்தேகமில்லை. அந்தத் திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தாயை அரசு கொன்றது, மகனைப் புயல் கொன்றது. புயலுக்காகச் சிந்தும் கண்ணீர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாது. வாசகர் மனம்விட்டு அழக்கூடிய சாவாக நாவல் எதை நம் முன் வைத்தது, எதைக் காதில் மட்டும் போட்டது என்று பாருங்கள்.

இதற்கு மறுப்பும் எங்கள் வட்டத்திலேயே எழுந்தது. படுகொலையை நேரில் காட்டினால் அது காட்சிப்பொருளாகிவிடும், பெண்ணுடல் மீதான வன்முறையை விவரிக்காமல் விட்டதுதான் நேர்மை என்று ஒரு தோழி வாதிட்டார். அந்த வாதத்தை நாங்கள் இன்னும் முழுதாகத் தாண்டவில்லை. நம் கிராமங்களில் நடந்த கொடுமைகளின் புகைப்படங்கள் கைக்குக் கை போவதைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது எளிதில் புரியும்.

புலிக்கு வருகிறோம். கொட்டிலில் புகுந்த புலியைக் கிராமத்தார் அடைத்துவைத்துக் கொளுத்துகிறார்கள். பியா தடுக்கப் பாய்கிறார். ஃபகிர் அவரை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஊருக்குள் வரும் புலி சாக விரும்பித்தான் வருகிறது என்கிறார். இங்கே எங்கள் மாணவர்களில் சிலருக்குக் கண்ணீர் வந்தது. ஃபகிர் மேல் கோபமும் வந்தது. அப்போது சட்டக்கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "புலி அடித்துச் செத்தவர்கள் இந்தப் புத்தகத்தில் எத்தனை பேர் என்று எண்ணினீர்களா?" யாரும் எண்ணவில்லை. நாவல் எண்ணுகிறது. புலியால் சாகும் மக்களைப் பற்றி யாரும் பேசாததற்குக் காரணம் அவர்கள் ஏழைகளிலும் ஏழைகள் என்பதே என்று கனாய் சொல்கிறார். அதில் தனக்கும் பங்குண்டு என்கிறார். 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் சுந்தரவனமும் ஒன்று. நிதி வந்தது, சட்டம் வந்தது, காவல் வந்தது. தேனெடுக்கவும் நண்டு பிடிக்கவும் போய்ச் செத்தவர், அனுமதிச்சீட்டு இல்லாமல் போனவர் என்றால், அவர் குடும்பம் அந்தச் சாவை வெளியில் சொல்லவே தயங்கும் நிலை. அனு ஜலாயிஸ் என்ற மானுடவியலாளர் 2005இல் எழுதிய கட்டுரையின் மையமும் இதுதான்: மரிச்ஜாப்பிக்குப் பிறகு புலி குடிமகனாயிற்று, அகதி புலிக்கு இரையானார் என்று தீவு மக்கள் உணர்ந்தார்கள்.

முற்றுகையின் நடுவே குசும் நிர்மலிடம் பேசும் இடம், எங்கள் கணிப்பில் நாவலின் உச்சம். பசியும் தாகமும் அவரை உடைக்கவில்லை. மரங்களுக்கும் மிருகங்களுக்கும் உரிய இடம் இது, உலகத்து மக்கள் பணம் கொடுத்துக் காப்பாற்றும் இடம், கிளம்புங்கள் என்று போலீஸ்காரர்கள் திரும்பத் திரும்ப அறிவிப்பதைக் குடிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்ததுதான் அவரை உடைத்தது. மிருகங்களை இவ்வளவு நேசித்து, அதற்காக எங்களைக் கொல்லவும் துணிகிற அந்த மனிதர்கள் யார் என்று யோசிக்கிறார். உண்மையறியும் குழுக்களில் போய்வந்த தோழர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. அடிபட்டவர் முதலில் சொல்வது தன்னைச் சொன்ன சொல்லை. கை முறிந்ததை அப்புறம்தான் சொல்வார். அறிக்கை எழுதும்போது முறிவு முதலில் வரும், சொல் அடைப்புக்குறிக்குள் போகும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொது இடத்தில் இழிவுபடுத்துவதையே தனிக் குற்றமாக வைத்ததற்கு இந்த அனுபவம்தான் காரணம். குசுமின் பேச்சை வாசித்தபோது அறையில் இருந்த அமைதியை முதலில் உணர்வின்மை என்று சிலர் நினைத்தோம். பேசப் பேசத்தான் தெரிந்தது, அது இரக்கம் வராத அமைதி. தனக்கே தெரிந்த ஒன்றைக் கேட்பவர் இரக்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் அடிமைமுறையைப் பற்றி 1852இல் வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' ஒரு தேசத்தையே அழவைத்த நாவல். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் அதைக் கடுமையாக விமர்சித்தார். அந்தக் கண்ணீர்ப்பெருக்கை உண்மையான உணர்ச்சியின்மையின் அடையாளமாகவே அவர் பார்த்தார். 'தி ஹங்ரி டைட்' அந்த வகையில் சேராது. கோஷ் தன் வாசகரின் இரக்கத்தைச் சந்தேகிக்கத் தெரிந்தவர். அதற்குச் சாட்சி நிலிமா. நிர்மலின் மனைவி, லுசிபாரித் தீவில் அறக்கட்டளை நடத்துபவர், மருத்துவமனை கட்டியவர், நல்லவர். மரிச்ஜாப்பி மக்களுக்கு மருத்துவ உதவி கேட்கிறார் நிர்மல். அரசின் விரோதம் வரும், இத்தனை வருட உழைப்பு போய்விடும் என்று மறுக்கிறார் நிலிமா. வாசகர்கள் குசுமுக்காக வருந்துகிறார்கள், பியாவாகத் தங்களை நினைத்துக்கொள்கிறார்கள். நிலிமாவில் தங்களைத் தேடுவதில்லை. தொண்டு நிறுவனங்களில் வேலைபார்க்கும் தோழர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படிக்கட்டும்.

அகதிகளில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைச் சொல்வதும் இதே நிலிமாதான், ஓரிடத்தில், போகிறபோக்கில். சொல்லப்பட்டுவிட்டது, ஆனால் கதை அதன்மேல் நடக்கவில்லை. மனிதனா இயற்கையா என்ற கேள்வியின் மேல்தான் நடக்கிறது. அதனால்தான் பல வாசகர்கள் இதைச் சூழலியல் நாவலாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். வங்காளியில் அகதியை 'உத்வாஸ்து' என்பார்கள். வாஸ்து, அதாவது வீட்டுமனை, பறிபோனவர் என்று பொருள். பிரிவினையைப் பற்றிய வங்க எழுத்தில் பெரும்பகுதி அந்த இழந்த வீட்டையும் குளத்தையும் மாந்தோப்பையும் நினைத்து உருகுவது. வாரத்துக்கு உழுதவருக்கு எந்த மாந்தோப்பு? நம் 'அகதி' என்ற சொல்லே பரவாயில்லை, போக்கிடம் இல்லாதவர் என்கிறது. குடியேறிய இடத்திலிருந்தும் துரத்தப்பட்ட நாமசூத்திரருக்கு அதுதான் பொருந்துகிறது.

இந்த நாவலோடு சேர்த்து மனோரஞ்சன் பியாபாரியின் தன்வரலாற்றைப் படிக்கச் சொல்கிறோம். 2012இல் வங்காளியில் வந்தது; ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த நாமசூத்திர அகதிக் குடும்பம், முகாம் வாழ்க்கை, சிறையில் கற்றுக்கொண்ட எழுத்து, பிறகு கொல்கத்தாவில் ரிக்‌ஷா. முகாமில் கொடுத்த அரிசி எப்படி நாறியது, யார் எந்தச் சாதிப்பெயரால் கூப்பிட்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். நம்மை அழவைக்க அவர் எங்கும் நிற்பதில்லை. எங்கள் வட்டத்தில் இதைப் படித்த ஒருவர், நடுநடுவே சிரிப்பு வந்தது, பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது என்றார்.

கடைசியாக ஒரு விஷயம் முடிவாகாமல் நிற்கிறது. நாவலின் முடிவில் பியா லுசிபாரிக்குத் திரும்பி வருகிறார். ஃபகிர் காட்டிய நீர்வழிகள் அவருடைய கருவியில் பதிவாகியிருக்கின்றன. புதிய ஆய்வுத் திட்டத்துக்கு ஃபகிர் பெயரையே வைக்கப்போகிறார். வாசகர்கள் பலர் ஆறுதலோடு புத்தகத்தை மூடுவது இந்த இடத்தில்தான். ஃபகிருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பியாவுக்கு அவர் மொழி தெரியாது. கர்ஜன்தோலா என்ற தீவில் தன் தாயின் முகத்தைக் காண்பதாக ஃபகிர் சொல்கிறார். மரிச்ஜாப்பி நடந்தபோது அவர் சிறுபிள்ளை. அதைப் பற்றி அவர் வாயால் நாம் ஏறக்குறைய எதுவும் கேட்பதில்லை. எங்கள் வட்டத்தின் பொதுப்பிரதியில், அந்தக் கர்ஜன்தோலாப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு மாணவி பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்: "இவரிடம் யாராவது கேட்டார்களா?" அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதாக இருக்கிறோம்.