கில் மைனஸ் 9 போட்டாலும் சாகாத த்ரெட்! தெரியுமா?

லினக்ஸ் மெஷினில் ‘பிஎஸ் மைனஸ் ஈஎஃப்’ அடித்துப் பாருங்கள். சில பெயர்கள் மட்டும் சதுர அடைப்புக்குள் நிற்கும். அவை கெர்னல் த்ரெட்கள். அத்தனைக்கும் தாய் ஒன்றேதான், தெரியுமா? கேத்ரெட்டி, பிராசஸ் எண் 2!

ரூட்டாகவே உட்கார்ந்து அதில் ஒன்றுக்கு ‘கில் மைனஸ் 9’ அனுப்புங்கள். எரர் வராது; ப்ராம்ப்ட் சமர்த்தாகத் திரும்பிவிடும். த்ரெட்? அது பாட்டுக்கு ஓடும். செவிடன் காதில் ஊதிய சங்கு!

அப்படியானால் நெட்வொர்க் கார்டு டிரைவர் தன் த்ரெட்டை எப்படித்தான் நிறுத்துகிறது? கேட்டுத்தான்! ‘கேத்ரெட் ஸ்டாப்’ ஒரு கொடியைத் தூக்கும், தூங்குகிற த்ரெட்டை எழுப்பும், அது வெளியேறும்வரை காத்திருக்கும். கொடி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் த்ரெட்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2004-ல் ரஸ்டி ரஸல் எழுதிய ஏற்பாடு இது. த்ரெட்டை நிறுத்த மறந்து மாட்யூலைக் கழற்றினீர்களோ, தொலைந்தது! தூங்கி எழுந்த த்ரெட் அடுத்த வரியை ஓட்டப் பார்க்கும். அந்த வரி இருந்த மெமரியே போயிருக்கும். கெர்னல் ஊப்ஸ்!

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. ‘ஐபி லிங்க் செட் ஈத்0 டவுன்’ என்கிறீர்கள். கெர்னல் முதலில் ஆர்டிஎன்எல் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் டிரைவரின் ஸ்டாப் ஃபங்ஷனுக்குள் போகும். அங்கே த்ரெட் முடியட்டும் என்று காத்திருக்கிறது. த்ரெட்டோ அதே நேரம் அதே பூட்டுக்காகக் காத்திருக்கிறது! இது விடாது, அது நகராது. அந்தப் பூட்டு எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொது. அடுத்த டெர்மினலில் லூப்பேக்கைக்கூட ஏற்றி இறக்க முடியாது. வழக்கமான செட்டிங்கில், 120 விநாடிக்கு மேல் ஒருவர் சிக்கிக் கிடக்கிறார் என்று டீமெசேஜில் புகார் விழும். புகார் எழுதுவது யார் தெரியுமா? கேஹங்டாஸ்க்டி. அதுவும் ஒரு கெர்னல் த்ரெட்!

இந்தத் தொல்லையே வேண்டாமென்று பல டிரைவர்கள், வேலையைக் கெர்னலின் பொது த்ரெட்களிடம் ஒப்படைக்கும் ஒர்க்க்யூவுக்கு மாறிவிட்டன. பழைய ரியல்டெக் 8139 டிரைவர் அதில் ஒன்று. என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் த்ரெட் மோகம் தீரவில்லை. 2021-ல் வந்த லினக்ஸ் 5.12-லிருந்து, பாக்கெட் வாங்கும் நாப்பி வேலையையே தனி த்ரெட்டில் ஓட்டலாம்!

கடைசியாக ஒன்று. புதிதாகப் பிறக்கும் கெர்னல் த்ரெட் தூங்கிக்கொண்டேதான் பிறக்கும். எழுப்புவதற்கு முன்பே ‘கேத்ரெட் ஸ்டாப்’ சொல்லிவிட்டால்? அதற்கென்று நீங்கள் எழுதிய ஃபங்ஷனில் ஒரு வரிகூட ஓடாது. கைக்கு வருவது மைனஸ் 4 என்ற எரர் எண் மட்டும்!