ரேடியேட்டரைத் தின்னும் உப்புத் தண்ணீர்!

மேட்டில் ஏறும்போது கார் என்ஜின் கொதிக்கிறது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டுகிறார். பக்கத்து அடி பம்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார். வண்டி புறப்படுகிறது.

அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். கெடுதல் பிறகுதான் வரும்!

பழைய கார்களின் ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. 1970-களுக்குப் பிறகு அலுமினியம் அந்த இடத்தைப் பிடித்தது.

மாயத் தோல்

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் உண்டு. காற்றுப் பட்டதும் அது தானாகவே உண்டாகும். அந்தத் தோல் இருக்கும் வரை பயம் இல்லை.

உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடு அதற்குப் பகை. அது தோலில் ஊசிமுனை அளவு துளை போடும். துளை ஆழமாகிக்கொண்டே போகும். ஒருநாள் ரேடியேட்டர் ஒழுகும்.

சுண்ணாம்புச் சத்து இன்னொரு தொல்லை. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அது படிந்தால் சூடு வெளியேறாது. என்ஜினின் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். செலவு ஆயிரக்கணக்கில்!

ஆசிட் கூடாது!

படிந்ததை எடுக்கச் சிலர் கழிவறை ஆசிடை ஊற்றுகிறார்கள். கறை போகும், ரேடியேட்டரும் போகும். காரச் சோடாவும் ஆகாது. அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது.

'அலுமினியத்துக்கு ஏற்றது' என்று லேபிளில் எழுதியுள்ள மருந்தையே வாங்க வேண்டும். சிட்ரிக் அமிலம் போன்ற சாதுவான அமிலம் கலந்த மருந்துகள் உண்டு. சொன்ன நேரத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது. பிறகு பலமுறை அலச வேண்டும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. அடைப்பு முற்றியிருந்தால் புது ரேடியேட்டர்தான் வழி.

"கூலன்ட் குளிர் தேசத்துச் சரக்கு. நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது. பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த நீர் என்று கலப்பது வழக்கம். மருந்தின் சக்தி நாளாக ஆகக் குறையும். ஆகவே வண்டிப் புத்தகத்தில் சொன்ன கெடுவில், அதில் சொன்ன வகையையே மாற்ற வேண்டும்.

என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான கூலன்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய விஷம்! சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். வடித்த பழைய கூலன்டைத் திறந்து வைத்தால் நாய் நக்கிவிடும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதோ அதைவிட மோசம். குழந்தைக்கு அது கலர் தண்ணீராகத்தான் தெரியும்.