விஷப் பருப்பு: பழி யார் மேல்?

1961ல் விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் கேசரிப் பருப்பு வயலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மறையவில்லை.

துவரம்பருப்பில் கலப்படம் என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கேசரிப் பருப்பு. உடைத்துவிட்டால் துவரை போலவே மஞ்சள், விலையோ மலிவு. தெற்கே கலப்படச் சரக்காக மட்டும் அறியப்பட்ட இது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பிகார், மேற்கு வங்கத்தில் காலங்காலமாக ஏழைகளின் உணவு.

காரணம் எளிது. நெல் அறுவடைக்கு முன்பே ஈரமான வயலில் விதையைத் தூவிவிட்டால் போதும். உழவு, உரம், பாசனம் எதுவும் தேவையில்லை. மழை பொய்த்து மற்ற பயிர்கள் கருகினாலும் இது தாக்குப்பிடிக்கும். எடையில் கால் பங்குக்கு மேல் புரதம்.

வில்லன், அதிலுள்ள ஓடிஏபி என்ற நரம்பு நச்சு. 1964ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். எப்போதாவது கொஞ்சம் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இல்லை. இரண்டு மூன்று மாதங்கள் அதுவே பிரதான உணவானால்தான் கால்கள் விறைத்து முடங்கும். லத்திரிசம் எனப்படும் இந்த முடக்கம் குணமாவதில்லை. வறட்சியில் வளரும் பயிரில் நச்சு கூடுதல் என்பது இன்னொரு கொடுமை. வேறு உணவு கிடைக்காததும் அப்போதுதான்.

எனவே இந்த நோயின் வரலாறு பசியின் வரலாறு. 1811-12 மாட்ரிட் பஞ்சத்தைச் சித்திரித்த ஓவியர் கோயா, இந்தக் கஞ்சிக்காகக் கூடியவர்கள் நடுவே கால் விளங்காமல் கிடக்கும் பெண்ணையும் வரைந்தார். 1942-43ல் ருமேனியர்களின் வாப்னியார்கா முகாமில் யூதக் கைதிகளுக்கு இதையே உணவாகக் கொடுத்ததில் நூற்றுக்கணக்கானோர் முடமானார்கள். மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் 1970களில்கூட கொத்தடிமைகளுக்குக் கூலியாக அளக்கப்பட்டது இந்தப் பருப்புதான்.

1961ல் கலப்படத் தடை விதிகளின் கீழ் மத்திய அரசு விற்பனையைத் தடை செய்தது. அமல்படுத்த வேண்டிய மாநிலங்களில், அதிகம் விளைவித்தவையே தயங்கின. பயிரிடத் தடை இல்லாததால் விளைந்தது வீட்டு உணவானது. மீதி கலப்படக்காரர்களிடம் போனது. ஸ்பெயினும் 1967ல் இதை மனித உணவாகப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனால் லா மாஞ்சா வீடுகளில் இந்த மாவில் செய்யும் கஞ்சி தொடர்ந்து கொதித்தது.

ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் நச்சு குறையும். நச்சு குறைந்த ரத்தன், பிரதீக், மகாதேவ்ரா ரகங்களும் வந்துவிட்டன. இவற்றை அனுமதிக்கலாம் என்று 2016ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு பரிந்துரைத்தது. தடையை ஆதரிப்பவர்களின் கேள்வியும் நியாயமானதே: கடையில் புதிய ரகத்தையும் பழைய ரகத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

அதற்கு வழி காணலாம். ஆனால் அதைவிட முக்கியமானது ஏழையின் தட்டில் கூடவே அரிசியோ கோதுமையோ காய்கறியோ இருப்பது. அது இருந்தால் இந்தப் பருப்புக்கு யாரையும் முடமாக்கும் வலு கிடையாது.