மூலமா, சூடா என்று முடிவுகட்டும் முன்

ஊர்ப் பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் நமக்கு அது பத்தாங் பெர்ஜுந்தாய்தான். தோட்டத்தில் இன்னும் இரண்டு பழைய சொற்கள் புழங்குகின்றன. மலத்தில் ரத்தம் பட்டால் ‘மூலம்’, சிறுநீர் கடுத்தால் ‘சூடு’. முன்னதற்குப் பத்தியம், பின்னதற்கு இளநீர். பெருங்குடல் புற்றுநோய் சிறுநீர்ப்பை வரை பரவும்போது இந்த இரண்டு சொற்களும் அதை மறைத்துவிடும்.

1. பரவும் வழி: இடப்பக்க அடிவயிற்றில் வளைந்து இறங்கும் குடல், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் மேலேயே கிடக்கிறது. பெண்களுக்கு நடுவில் கருப்பை ஓரளவு மறிக்கிறது. குடற்சுவரைத் தாண்டிய கட்டி பையில் ஒட்டும். நாளடைவில் அரித்து ஓட்டையாக்கும். சிறுநீர்க் குழாயை நெரித்தால் சிறுநீரகம் வீங்கும்.

2. கவனிக்க வேண்டியவை: சிறுநீர் கழித்து முடிக்கையில் குமிழ்குமிழாகக் காற்று வெளியேறுவது, மலத்துகளோ மலநாற்றமோ கலந்து வருவது, மருந்து முடிந்ததும் கடுப்பு திரும்புவது. குடற்சுவரில் வரும் சிறு பைகள் அழற்சி கண்டாலும் இப்படி நேரலாம். எதுவென்று சோதனைதான் சொல்லும்.

3. கிளினிக்கில்: “கடுக்குது” என்பதோடு நிறுத்தாதீர்கள். ரத்தம், மலச்சிக்கல், மெலிவு, குடும்பத்தில் யாருக்காவது இருந்த புற்றுநோய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அப்பா கூச்சப்பட்டால் உடன்போகும் பிள்ளை சொல்லட்டும்.

4. பெரிய மருத்துவமனையில்: கேமரா குழாயால் குடலைப் பார்த்துச் சிறு துணுக்கு எடுப்பார்கள். சிடி ஸ்கேன் கட்டியின் பரவலைக் காட்டும். தேவைப்பட்டால் சிறுநீர்ப்பைக்குள்ளும் கேமரா விடுவார்கள்.

5. சிகிச்சை: நெரிந்த சிறுநீர்க் குழாயில் மெல்லிய ஸ்டென்ட் வைத்து முதலில் சிறுநீரகத்தைக் காப்பார்கள். பரவல் சிறுநீர்ப்பையோடு நின்றிருந்தால், ஒட்டிய பையின் பகுதியையும் குடற்கட்டியையும் பிரிக்காமல் ஒன்றாக வெட்டியெடுப்பார்கள். பிரித்தால் புற்றணுக்கள் சிதறும். சிலருக்கு முன்போ பின்போ கீமோ, கதிர்வீச்சு. சிலருக்கு வயிற்றில் மலப்பை.

6. இவை எதுவும் வேண்டாமென்றால்: 50 முதல் 75 வயதுவரை, குறையே இல்லாதபோதும், அரசு கிளினிக்கில் மலத்தில் மறைந்த ரத்தத்தைக் கண்டறியும் சோதனையைக் கேளுங்கள். குச்சியால் மலத்தைச் சற்றே தொட்டுச் சிறு குப்பிக்குள் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கே ரத்தம் தெரிந்தால் இந்தச் சோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

செம்பனைக் குலை பழுத்ததா என்று உதிர்ந்த பழத்தைப் பார்த்தே சொல்லும் கண்கள் நம்முடையவை. அந்தக் கண்கள் கழிவறையிலும் ஒரு நிமிடம் நிற்கட்டும்.