அறிக்கையில் ஒரு விழுக்காடு: கே.ஐ.-67 சொல்வதும் சொல்லாததும்

புற்றுநோய்க்கான திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘கே.ஐ.-67: 40 விழுக்காடு’ என்பது போன்ற வரியைக் கண்டு திகைக்கும் குடும்பத்தினர் பலர். உடலில் 40 விழுக்காடு நோய் பரவிவிட்டதோ, பிழைக்கும் வாய்ப்பே அவ்வளவுதானோ என்ற அச்சம் எழுகிறது. இரண்டும் அன்று. பரிசோதித்த திசுவிலுள்ள புற்றுநோய் உயிரணுக்களில் நூற்றுக்கு எத்தனை, பிரிந்து பெருகும் நிலையில் இருந்தன என்பதையே அந்த எண் கூறுகிறது.

பெருகும் உயிரணுவின் அடையாளம்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். பி.சி.என்.ஏ. என்னும் புரதம் டி.என்.ஏ. இழையை வளையம்போல் சூழ்ந்து, படியெடுக்கும் நொதி நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. ஆயினும் பழுதுற்ற டி.என்.ஏ.வைச் செப்பனிடும்போதும் அப்புரதம் பணியாற்றுவதால், பிரியாத உயிரணுவிலும் அது தென்படலாம். கே.ஐ.-67 புரதமோ படியெடுக்கும் வேலையைச் செய்வதில்லை. உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. பெருகும் உயிரணுக்களில் காணப்படும் இது, ஓய்ந்திருப்பவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே மருத்துவமனை ஆய்வகங்கள் இதனையே பெரிதும் நாடுகின்றன.

இப்புரதத்தைக் கண்டறியும் எதிர்ப்பொருளை 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் யோஹான்னஸ் கெர்டெஸ் குழுவினர் அறிவித்தனர். அந்நகரின் பெயரிலுள்ள முதலிரண்டு ஆங்கில எழுத்துகளும், எதிர்ப்பொருள் கிடைத்த ஆய்வுத்தட்டின் 67-ஆம் குழியும் சேர்ந்ததே இப்பெயர். மெழுகில் பதித்த திசுவிலும் செயற்படும் எம்.ஐ.பி.-1 என்னும் எதிர்ப்பொருள் பின்னர் வந்தது. சில அறிக்கைகளில் அப்பெயரையும் காணலாம்.

ஆய்வகத்தில் நிகழ்வது

எடுக்கப்பட்ட திசு ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மிக மெல்லிய சீவல்களாகக் கண்ணாடித் தகட்டில் ஏற்றப்படுகிறது. அதன்மீது இடப்படும் எதிர்ப்பொருள், பூட்டில் பொருந்தும் சாவியைப் போல் தனக்குரிய புரதத்தில் மட்டும் சென்று ஒட்டுகிறது. அடுத்து நிறமூட்டும் பொருள்கள் சேர்க்கப்பட, பெருகும் உயிரணுக்களின் உட்கரு பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தோன்றும். நோயியல் மருத்துவர் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பிடுகிறார். இதற்கு வழக்கமாக, முன்பே எடுத்த திசுவே போதும். மீண்டும் ஊசி குத்த வேண்டியதில்லை.

எண்ணை எவ்வாறு புரிந்துகொள்வது?

ஒரே எண் எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. குடல், கணையம் ஆகியவற்றில் தோன்றும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளைத் தரம் பிரிப்பதில் 3, 20 ஆகிய விழுக்காடுகள் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில், ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகையில், 5 அல்லது அதற்குக் குறைவான எண்ணும் 30 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும் தெளிவான வழிகாட்டிகள். இடைப்பட்ட எண்கள் ஆய்வகத்திற்கு ஆய்வகம் மாறக்கூடும். ஆகவே 18, 22 என்னும் சிறு வேறுபாட்டைக் கண்டு கலங்க வேண்டா.

எண் மிகுதியாயின் நோய் விரைந்து வளரக்கூடியது என்பது பொதுவாக உண்மையே. ஆனால் அது தீராது என்பது பொருளன்று. பர்க்கிட் லிம்போமாவில் இந்த எண் ஏறத்தாழ 100 வரை செல்லும். எனினும் தீவிர வேதிச் சிகிச்சையால் பலர் குணமடைகின்றனர். விரைந்து பிரியும் உயிரணுக்களையே அம்மருந்துகள் பெரிதும் தாக்குகின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கட்டியின் வகை, பரவிய நிலை, ஏற்பிகள், நோயாளியின் வயது, உடல்நலம் அனைத்தையும் சேர்த்தே சிகிச்சை முடிவு செய்யப்படுகிறது. அடுத்த சந்திப்பின்போது அறிக்கையை உடன் கொண்டுவாருங்கள். “எங்கள் நோய்வகையில் இந்த எண்ணுக்கு என்ன பொருள்? இதனால் சிகிச்சை மாறுமா?” என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டா.