இறைப்பு மிசின் ஏன் நின்றது?

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் கோடை வெயில் ஏறிவிட்டால் இறைப்பு முறை தவறக்கூடாது. தவறினால் வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் மிசினும் நிற்கும். கை ஓயும்வரை கயிற்றை இழுத்துவிட்டு, முச்சக்கர வண்டியில் ஏற்றி, பட்டணத்துக் கராஜில் இறக்கி வைத்தால் திரும்பி வர இரண்டு மூன்று நாளாகும். கொடுத்த பணம் எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பிளக், காபரேற்றர் கழுவியது, அவ்வளவுதான்.

2009க்குப் பின்னர் வடக்கு கிழக்கில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தனித்து நடத்துகிறார்கள். அவர்களுக்கு மிசின் நின்றால் பணச்செலவோடு இன்னொரு செலவும் சேர்கிறது. யாராவது ஒருவர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்; அவருடைய தயவையும் நாட வேண்டும். தண்ணீர் இறைக்கும் கைகளுக்கே மிசினின் குறை தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே. இது கடினமான வித்தையல்ல. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம்.

இரண்டு அங்குலப் பம்பில் பூட்டியிருப்பது ஒரு சிலின்டர் கொண்ட சிறிய நான்கடிப்பு எஞ்சின். பாடசாலை மைதானத்திலும் சேமக்காலையிலும் தள்ளிச் சென்று புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்குத் தண்டு மட்டும் நிலைக்குத்தாக நிற்கும். எதுவானாலும் எஞ்சின் கேட்பவை மூன்று: காற்றோடு அளவாய்க் கலந்த பெற்றோல், தக்க நேரத்தில் நெருப்புப்பொறி, சிலின்டருக்குள் நல்ல அமுக்கம். மூன்றும் இருந்தால் அது ஓடாமல் இருக்க முடியாது. எனவே எது இல்லை என்று தேடுவதே வேலை.

கயிற்றில் கைவைக்க முன்னர் சுவிச், பெற்றோல் திறப்பு, ஒயில் மூன்றையும் பாருங்கள். ஒயில் குறைந்தால் எஞ்சின் கருகிப் போகாதிருக்க, பல எஞ்சின்களில் பொறியைத் தானாக நிறுத்தும் உணரி ஒன்று உண்டு. கிணற்றடியில் மிசினைச் சரிவாக வைத்தாலும் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உணரி அதைக் குறைவென்று எண்ணிவிடும். பலகை ஒன்றை அடியில் வைத்து மட்டமாக்கியதும் முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடிப்பதுண்டு. இதற்காக எவரும் கராஜுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பெற்றோல். நமது அனுபவத்தில் குறைகளில் பெரும்பகுதி இங்கேதான். மாரி முழுவதும் மூலையில் கிடந்த மிசினின் காபரேற்றரில் தங்கிய பெற்றோல் ஆவியாகி, பிசின்போல் படிந்து, தலைமயிர் நுழையும் அளவான துளையை அடைத்துவிடும். பழைய பெற்றோல் வார்னிஷ் மணக்கும், மணத்தாலேயே அறியலாம். 2022இல் வரிசையில் நின்று பெற்றுக் கலன்களில் சேர்த்து வைத்த பெற்றோல் இப்படித்தான் பல மிசின்களைப் படுக்க வைத்தது. மழைக்காலத்தில் தண்ணீர் கலப்பதும் உண்டு. காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் வடியும் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் மணிமணியாக உருளும்.

கழுவும் முறை இது. பெற்றோல் திறப்பை மூடுங்கள். கிண்ணத்தின் கீழுள்ள நட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். உள்ளே நடுவில் இருக்கும் பித்தளைத் துண்டே ஜெற். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான துளை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புதுப் பெற்றோலில் ஊறவிட்டு, தூண்டில் நைலோன் இழையால் அல்லது மின்கம்பியின் ஒற்றைச் செப்பு இழையால் மெதுவாகத் துளையுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ வேண்டாம். பித்தளை மென்மையானது; துளை ஒருமுறை பெருத்தால் மிசின் பெற்றோல் குடிக்கும், புகை கக்கும். கழற்றியவற்றை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தால் பூட்டும்போது தடுமாற்றம் வராது. வேலை முடியும்வரை அருகில் அடுப்போ பீடியோ இருக்கக்கூடாது.

பத்து நிமிடம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும் மிசினை மெக்கானிக்கிடம் கொண்டுபோக முன்னர் தாங்கியின் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை மண்ணால் அடைபட்டால் பெற்றோல் கீழே இறங்காது.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெயில் ஓடவென்றே அமுக்கம் குறைத்துச் செய்த எஞ்சின்கள் உண்டு. மற்றவற்றில் அதைக் கலந்தால் எஞ்சின் தட்டும்; எரியாத எண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலின் மட்டம் தானாக ஏறி, மண்ணெண்ணெய் மணம் வீசினால் தேய்மானம் தொடங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்த பின்னர் இந்தக் கலப்பில் பழைய இலாபமும் இல்லை.

பொறிக்கு வருவோம். பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதிக் கதையைச் சொல்லும். பலமுறை இழுத்தும் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்திருந்தால் வெள்ளம் போட்டுவிட்டது. துடைத்து, சொக்கைத் திறந்து, சற்றுப் பொறுத்து இழுங்கள். கரி படிந்திருந்தால் காற்று பில்ரர் அழுக்கு. செம்மண் தூசியில் அதை அடிக்கடி சவர்க்கார நீரில் கழுவி உலர்த்த வேண்டும். ஒயில் படிந்திருந்தால் ரிங் தேய்வாக இருக்கலாம். பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். அதைத் தொப்பியில் செருகி, உலோகப் பகுதியை எஞ்சின் உடலில் தொடவைத்து, பிளக் துளைக்குத் தள்ளிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தெறிக்க வேண்டும். புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால் கொயில் அல்லது சுவிச் வயர்.

பெற்றோலும் பொறியும் இருந்தும் எஞ்சின் ஓடவில்லை, கயிறும் தடையின்றி வழுக்கி வருகிறது என்றால் அமுக்கம் இல்லை. அது வால்வு, ரிங் வேலை, கராஜுக்குரியது.

புல்வெட்டும் இயந்திரத்தில் மட்டும் வரும் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். தகடு கல்லிலோ வேரிலோ அடித்து நின்ற பின் எஞ்சின் பிடிக்காமல் கயிற்றைத் திருப்பி இழுத்தால், பறக்கும் சில்லின் சிறு சாவி அறுந்திருக்கலாம். தண்டைக் காப்பாற்ற அறுந்து போவதற்கென்றே மென்மையாகச் செய்த சாவி அது; மாற்றினால் போதும். தகட்டில் கைவைக்க முன் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்குங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் தகட்டைக் கையால் சுற்றினால் அது பிடிக்கக்கூடும்.

எஞ்சின் நன்றாக ஓடியும் தண்ணீர் வராவிட்டால் எஞ்சினில் தேட வேண்டாம். பம்புக்குள் நீர் நிரப்பினீர்களா, புட்வால்வில் குப்பை சிக்கியதா, உறிஞ்சும் குழாயின் மூட்டில் காற்றுப் புகுகிறதா என்று பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் ஆபத்தானது. கோடையில் கிணற்று நீர் கீழே போய்விடும். இத்தகைய பம்பு எதுவும் ஏறக்குறைய 7 மீற்றருக்கு மேல் உறிஞ்சித் தருவது அரிது. குழாயை நீட்டிப் பயனில்லை என்று கண்டவர்கள் மிசினையே கிணற்றுப் படியில் இறக்கி ஓட்டுகிறார்கள்.

இதைச் செய்யவே கூடாது. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. கிணறு போன்ற மூடிய இடத்தில் சில நிமிடங்களிலேயே அது ஆளை மயக்கி வீழ்த்தும். விழுந்தவரைத் தூக்க மகனோ சகோதரனோ இறங்குவார்; அவரும் விழுவார். நம் நாட்டிலேயே உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் கிணறு சுத்தமாகிவிடாது. வாயு தங்கி நிற்கும். நீர் எட்டாத கிணற்றுக்கு, கயிற்றில் கட்டி இறக்கும் மின்சார நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது. அதற்கு வசதியில்லாவிட்டால் ஊற்றெடுக்கும்வரை விட்டுவிட்டு இறைப்பது நல்லது. ஒரு பாத்தி வாடினாலும் பரவாயில்லை.

வீட்டில் இருக்க வேண்டியவை: 21 மில்லிமீற்றர் பிளக் சாவி, 10 மில்லிமீற்றர் ஸ்பானர், ஒரு திருப்புளி, சிறிது நைலோன் இழை, மேலதிகமாக ஒரு பிளக். போகம் முடிந்து மிசினை ஒதுக்கும் நாளில் பெற்றோல் திறப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, தாங்கியையும் வடித்து வையுங்கள். கடைக்குப் பாகம் வாங்கச் செல்லும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பிளக்கின் எண் அதன் வெள்ளைப் பீங்கானில் எழுதியிருக்கும். அழிந்திருந்தால் எஞ்சின் உடலில் பொறித்த மாதிரி எண்ணைக் குறித்துச் சென்று காட்டலாம். கராஜில் ஏதும் மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள்.